இரைச்சல் நீக்கம்

ஸ்பீக்கர்போன் கெட்டுப்போச்சு என்று
குலசேகரம் ரப்பர் சங்கத்திலிருந்து அழைத்தார்கள்.
திருவட்டாறு வழியே நனைந்துகொண்டு வந்தேன்.
கெடவில்லை.
பேச்சு சுவரிலிருந்த டிவியில் வந்துகொண்டிருந்தது.
காது மட்டும் மேஜைமேல்.

கோட்டயத்திலிருந்து ஈப்பன் முதலாளி:
'அடுத்த வாரம் பணம் போடுறோம்.'
அரை நொடி கழித்து
அவர் காதுக்கே அவர் குரல்:
'அடுத்த வாரம் பணம் போடுறோம்.'
'ஆரு என்னைக் களியாக்குறது?'
களியாக்குறது, என்று அதுவும் திரும்பிப் போனது.
செயலாளர் கிறிஸ்துதாஸ்
நான் சொன்னது மாதிரி என்னைப் பார்த்தார்.

எதிரொலியை அழிக்கிற பெட்டிக்கு
ஒலியை முதலில் சொல்லிவைக்க வேண்டும்.
என்ன போனதென்று தெரியாமல்
வருவதில் எதைக் கழிக்கும் அது?
பற்று எழுதாத நோட்டில்
மீதி கேட்கிற கதை.

டிவியின் வாயை அடைத்தேன்.
ஒலி வெளியே போக: யூஎஸ்பி.
ஒலி உள்ளே வர: அதே யூஎஸ்பி.
பெட்டியைக் கவிழ்த்தால்
அடியில் நகம் அளவுக்கு ஒரு ஸ்விட்ச்.
'மைக் மட்டும்' பக்கம் தள்ளியிருந்தது.
போன வாரம் சபை வாலிபர்கள்
பாட்டுப் பதிய இரவல் வாங்கினார்களாம்.
'கூட்டம்' பக்கம் தள்ளினேன்.
லேப்டாப்பும் தன் பங்குக்கு
எதிரொலியைத் துரத்துகிறேன் என்று
பேச்சைக் கடித்துக் குதறிக்கொண்டிருந்தது,
அதை நிறுத்தினேன்.
ஒரு ஈரத்துணியை ஒருவர் பிழிந்தால் போதும்.

முதலாளி மூன்றாவது தடவை சொன்னார்
அடுத்த வாரம் பணம்.
திரும்பி வரவில்லை.
அவருக்கு எவ்வளவு சந்தோஷம்!
சொன்ன சொல் தன்னிடமே வராமல்
ஏற்பாடு செய்ததற்கு
எனக்கு எண்ணூறு ரூபாய்.

ஒயரைச் சுருட்டும்போதுதான் கேட்டார்,
பத்து நாளா ஷீட் ஏன் குறைவு?

பால்வெட்டுக்காரர்கள் சார்பில் வந்து
கடைசி நாற்காலியில் இருந்த லலிதாபாய்
'மழையில்லா' என்றாள்.
'மழையா? ஒண்ணும் கேக்கலியே.'

ஐப்பசி அடைமழை.
ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல்
லாரி லாரியாகச் சல்லி கொட்டுகிறது.
பக்கத்திலிருப்பவரிடம் பேச
வாயைக் காதுக்குக் கொண்டுபோக வேண்டும்.
ஆனால் கோட்டயத்துக்கு நாங்கள்
காய்ந்த அறையில் உட்கார்ந்து
மழை மழை என்று கத்துகிறவர்கள்.

'பட்டை நனைஞ்சா பாலு செரட்டைக்கு வராது சாரே,
மரம் பூரா வழிஞ்சு போவும்.'
'இங்கே நல்ல வெயில்' என்றார் அவர்.

பெட்டியின் கணக்கு அப்படி.
ஃபேன், ஏசி, ஃப்ரிட்ஜ்,
நிற்காமல் வருவது எதுவோ அது இரைச்சல்.
விட்டு விட்டுப் பெய்திருந்தால்
யாரோ பேசுகிறார்கள் என்று
விட்டிருக்குமோ என்னவோ.

யாரையும் கேட்கவில்லை.
அமைப்புகளில் கீழே இறங்கினேன்.
இரைச்சல் நீக்கம். நீலத்தில் ஒரு டிக்.
எடுத்துவிட்டேன்.

திரையில் ஈப்பன் முதலாளி
ஹெட்செட்டைப் பிடுங்கி
கையில் வைத்துப் பார்த்தார்,
அதிலிருந்து தண்ணீர் சொட்டுமோ என்பதுபோல.
பிறகு உதடு அசைந்தது.
எங்களுக்குத்தான் ஒன்றும் கேட்கவில்லை.

கிறிஸ்துதாஸ் என் சட்டையை இழுத்தார்:
மரியாதையில்லை, திரும்பப் போடும் வேய்.
லலிதாபாய் பேசவில்லை.
மைக்கைத் தன் பக்கமிருந்து
ஜன்னல் பக்கம் கொஞ்சம் நகர்த்தினாள்.

கிளம்பும்போது கேட்டாள்,
அடுத்த கூட்டத்துக்கும் இப்படியே நிக்குமா?
சொல்ல முடியாதுக்கா,
அப்டேட் வந்தால் டிக் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்,
பார்த்து எடுக்கணும்.

மரக்கணக்கு எழுதுகிற நோட்டின் பின்னட்டையில்
மெனுவை அப்படியே வரைந்தாள்.
மூன்று கோடு. பல்சக்கரம்.
அம்புக்குறி கீழே.
நாலாவது வரியில் சின்னக் கட்டம்.
அதற்கு நேரே எழுதிக்கொண்டது
இரைச்சல் என்றல்ல,
மழை என்று.